260 கிராம் எங்கே இருக்கிறது?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் தொடக்கக் கல்லூரி முதலாண்டு மாணவி. எங்கள் ரோபோ குழுவில் ஐந்து பேர் இருக்கிறோம். சொந்தமாகச் செய்த உலோகப் பாகங்களுக்கு எங்கள் போட்டியில் அனுமதி உண்டு. ஆனால் ரோபோவின் எடை வரம்பைத் தாண்டி 260 கிராம் போய்விட்டது. பக்கத் தகடுகள் இரண்டும் 6 மி.மீ. அலுமினியம், 200-க்கு 120 அளவு. மேலே தூக்கும் கை 20-க்கு 6 மி.மீ. பட்டை, நீளம் 300. அது வேறு ஆடுகிறது. ஒரு சீனியர் '7075 வகை அலுமினியம் வாங்குங்கள், முடிந்தால் டைட்டானியம்' என்கிறார். கணினி சொல்கிறபடி வெட்டும் பள்ளியின் சிஎன்சி ரௌட்டரில் நாங்களே வெட்டிப் பார்த்தோம். நான்கு ஃப்ளூட் (வெட்டும் பல்லும் அதை ஒட்டிய பள்ளமும்) உள்ள 4 மி.மீ. கட்டர், நிமிடத்துக்கு 18,000 சுற்று, ஃபீட் (கட்டர் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 200 மி.மீ. அலுமினியம் கட்டரில் ஒட்டிக்கொண்டு மூன்று கட்டர்கள் உடைந்தன. பயந்துபோய் ஃபீடை இன்னும் குறைத்தோம், நான்காவதும் உடைந்தது. வெளியே பட்டறையில் விலை கேட்டால் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. போட்டிக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. வீட்டிலேயே சின்ன சிஎன்சி வாங்கித் தருவதாக அப்பா சொல்கிறார். வாங்கலாமா? – செங்காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்:

வணக்கம்மா. அளவுகளையெல்லாம் எழுதி அனுப்பினீர்கள் பாருங்கள், அதனால்தான் உருப்படியாக ஏதாவது சொல்ல முடிகிறது. 'ரோபோ கனமாக இருக்கிறது, என்ன செய்வது?' என்று மட்டும் வரும் கடிதங்களுக்கு நான் பதில் கேள்விதான் போட வேண்டியிருக்கும். உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகக் கால்குலேட்டரைத் தட்டினேன்.

அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம். உங்கள் தகடு ஒன்று 144 கன சென்டிமீட்டர், அதாவது 389 கிராம். இரண்டும் சேர்ந்து 778. இதையே 3 மி.மீ. தகட்டில் செய்திருந்தால் பாதி எடைதான். 389 கிராம் கையில் மிஞ்சும். நீங்கள் தேடும் 260 கிராம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. வேறு உலோகத்தைத் தேடிப் போகவே தேவையில்லை.

'தகடு மெலிந்தால் வளையுமே' என்று கேட்பீர்கள். நியாயமான பயம். ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மூன்றாம் அடுக்கில் போகிறது. தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆனால் தாங்கலுக்கும் தாங்கலுக்கும் இடையிலுள்ள தூரமும் அதே மூன்றாம் அடுக்கில்தான் வேலை செய்கிறது. அந்த இடைவெளியைப் பாதியாக்கினால், இழந்த எட்டு மடங்கு தோராயமாக அப்படியே திரும்பி வந்துவிடும். ஆகவே இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவே தூண்களை நெருக்கமாக வையுங்கள். 10 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய உருளை, 60 மி.மீ. நீளம், இரு முனையிலும் மரை. ஒன்று 12 கிராம் சுமாருக்கு வரும், ஆறு போட்டால் 70-75 கிராம். இரண்டு தகடும் ஆறு தூணும் சேர்ந்து ஒரு பெட்டியாகிவிடும். பெட்டியை முறுக்குவது லேசான காரியமில்லை. தூண்களின் எடையைக் கழித்த பிறகும் 310 கிராமுக்கு மேல் குறைந்திருக்கும், வரம்புக்குள் வந்துவிடுவீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங் உட்காரும் ஓட்டைக்கு 3 மி.மீ. போதாது. அங்கே மட்டும் இன்னொரு 3 மி.மீ. துண்டை ஒட்டு வைத்து, நான்கு திருகாணி போட்டு இரட்டிப்பாக்குங்கள். தகடு முழுக்கத் தடிமனாக இருக்க வேண்டியதில்லை, சுமை இறங்கும் இடம் தடிமனாக இருந்தால் போதும்.

தகட்டில் முக்கோணம் முக்கோணமாக ஜன்னல் வெட்டுவது பார்க்க அழகாகத்தான் இருக்கும். இந்த முறை வேண்டாம். ஏழு வாரத்தில் உங்களுக்கு வேண்டியது ஓடுகிற ரோபோ. ஜன்னல் கூடக் கூட வெட்டும் நேரமும் கூடும், கட்டர் உடையும் வாய்ப்பும் கூடும்.

இதையெல்லாம் தொடங்குமுன் ஒரு வேலை. அம்மாவின் சமையலறைத் தராசை ஒரு நாள் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். ரோபோவைக் கழற்றி ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து, பெரியது முதல் சின்னது வரை எழுதுங்கள். தகடுகள் முதலில் வரும் என்பது எனக்குத் தெரியும். ஆச்சரியம் அதற்கு அடுத்த வரிகளில்தான் இருக்கும். 8 மி.மீ. எஃகு ஷாஃப்ட் (சுழலும் அச்சுத் தண்டு), 150 மி.மீ. நீளம், ஒன்றின் எடை 59 கிராம். நான்கு இருந்தால் கிட்டத்தட்ட 240. நடுவில் 5 மி.மீ. ஓட்டை உள்ள குழாய் ஷாஃப்டாக மாற்றினால் அதில் நூற்றுக்கு 39 பங்கு குறையும். முறுக்கு வலுவோ கொஞ்சம்தான் குறையும். பிள்ளைகள் அலுமினியத்தையே துளைத்துக்கொண்டிருப்பார்கள், எஃகு ஓரமாகச் சும்மா உட்கார்ந்திருக்கும். இதை நான் பல குழுக்களிடம் பார்த்துவிட்டேன்.

சரி, சீனியர் சொன்னதற்கு வருகிறேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் வலுவையும் விறைப்பையும் ஒன்றாக எடுத்துக்கொண்டுவிட்டார். 7075-டி6 உண்மையிலேயே வலுவானது. வழக்கமாகக் கிடைக்கும் 6061-டி6 வகை அலுமினியம் ஏறக்குறைய 275 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் நிரந்தரமாக வளையத் தொடங்கும் என்றால், 7075 சுமார் 500 வரை தாங்கும். ஆனால் விறைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான், சுமார் 70 கிகாபாஸ்கல். ஒரே அளவில் இரண்டிலும் ஒரு பட்டை செய்து, ஒரே எடையைத் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே அளவுதான் தொங்கும். எடையை எடுத்த பிறகு எது நேராகத் திரும்புகிறது என்பதில்தான் வித்தியாசம் தெரியும்.

அதனால் உங்கள் கையை ஒரு கேள்வி கேளுங்கள். சுமையை எடுத்ததும் அது நேராகிவிடுகிறதா, வளைந்தபடியே நிற்கிறதா? வளைந்தபடி நின்றால் 7075 உதவும். 'ஆடுகிறது' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆடி, பழைய இடத்துக்கே திரும்பினால் 7075-க்குக் கொடுக்கும் காசு வீண்.

டைட்டானியத்தின் கணக்கு இன்னும் சுவையானது. அது அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகமாக விறைப்பானது. எடையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் கூடுதல். விறைப்பை அடர்த்தியால் வகுத்தால் எஃகு, அலுமினியம், டைட்டானியம், மெக்னீசியம் நான்குமே 25, 26 என்று பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே வகுத்துப் பாருங்கள். பிறகு ஏன் அலுமினியம்? அதே எடைக்கு அது தடிமனாகக் கிடைக்கிறது, தடிமன் மூன்றாம் அடுக்கில் உதவுகிறது. அதற்காகத்தான். டைட்டானியம் சூட்டைச் சரியாகக் கடத்தாது, கட்டரின் முனையிலேயே சூட்டைத் தேக்கிவைக்கும். பள்ளி ரௌட்டருக்கு அது வேலையே இல்லை. யாராவது மெக்னீசியம் என்று ஆசை காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் தூளும் மெல்லிய சீவலும் தீப்பிடிக்கும், எரியும்போது தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும்.

அப்படியானால் கைக்கு என்ன வழி? பட்டையை எடுத்துவிட்டு சதுரக் குழாய் போடுங்கள். 20-க்கு 20 குழாய், சுவர் 1.5 மி.மீ. உங்கள் பட்டையின் எடை 97 கிராம், இந்தக் குழாய் 90. பட்டை தட்டையாக வளையும் திசையில் பார்த்தால் குழாய் 17 மடங்குக்கு மேல் விறைப்பு. பட்டையை நிமிர்த்தி வைத்து ஒப்பிட்டாலும் குழாய்க்கு ஒன்றரை மடங்கு கூடுதல். எடையும் 7 கிராம் குறைகிறது. முறுக்கலில் பட்டை குழாய்க்குப் பக்கத்திலேயே வர முடியாது. ஜன்னல் சட்டத்துக்கு விற்கும் 6063 வகை அலுமினியக் குழாயே இதற்குப் போதும். குழாயை போல்ட் போட்டு இறுக்கும்போது மட்டும் உள்ளே ஒரு ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் துண்டு) வையுங்கள், இல்லாவிட்டால் சுவர் நசுங்கும். 1.5 மி.மீ. சுவரில் மரை போட்டால் நிற்காது. ஊடே போகும் போல்ட்டும் நைலான் நட்டும் போடுங்கள்.

குழாய் வாங்கப் போகுமுன் இன்னொன்றைச் சோதித்துவிடுங்கள். ஒருவர் கையின் நுனியை மெதுவாக ஆட்டட்டும், இன்னொருவர் மூட்டின்மேல் விரலை வைத்துப் பார்க்கட்டும். பாதி நேரம் ஆடுவது பட்டையாக இருக்காது. ட்ரில் பிட்டால் போட்ட ஓட்டைக்குள் போல்ட்டையே அச்சாக விட்டிருப்பார்கள், அங்கே இடைவெளி இருக்கும். இல்லையென்றால் கியரைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணி தளர்ந்திருக்கும். மூட்டில் கால் மி.மீ. ஆட்டம் இருந்தால் 300 மி.மீ. தள்ளி அது நன்றாகவே தெரியும்.

இப்போது உடைந்த கட்டர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் பயந்து செய்த காரியம்தான் நான்காவது கட்டரை உடைத்தது.

18,000 சுற்று, நான்கு ஃப்ளூட். நிமிடத்துக்கு 72,000 முறை ஒரு பல் உலோகத்தைத் தொடுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் கட்டர் நகர்ந்த தூரம் 200 மி.மீ. வகுத்தால் ஒரு பல் ஒரு தடவைக்கு எடுப்பது 0.0028 மி.மீ. மூன்று மைக்ரான்கூட இல்லை. கட்டரின் கூர்முனைக்கே சில மைக்ரான் மழுங்கல் உண்டு. இவ்வளவு மெல்லியதை அதனால் சீவ முடியாது, தேய்க்கத்தான் முடியும். தேய்த்தால் சூடு வரும். ஒழுங்காக வெட்டும்போது சூட்டின் பெரும்பகுதி சீவலோடு வெளியே போய்விடும். இங்கே சீவலே இல்லையே, சூடு எங்கே போகும்? கட்டரிலும் தகட்டிலும் தங்கும். சூடான அலுமினியம் இளகிக் கட்டரில் அப்பிக்கொள்ளும், ஃப்ளூட் அடைபடும், அடைபட்ட கட்டர் வெறும் கம்பி. அடுத்த மூலையில் அது முறியத்தான் செய்யும். ஃபீடைக் குறைத்ததும் தேய்ப்பு இன்னும் கூடிப்போயிற்று.

ஆகவே பயப்படாமல் ஃபீடைக் கூட்டுங்கள். கூட்டுமுன் கட்டரை மாற்றுங்கள். ஒரே ஃப்ளூட் உள்ள, அலுமினியத்துக்கென்றே விற்கும் 4 மி.மீ. கார்பைட் கட்டர் வாங்குங்கள். பூச்சு இல்லாமல் பளபளவென்று இருப்பது நல்லது. எஃகுக்கு விற்கும் கருநீலப் பூச்சுக் கட்டர்களில் பலவற்றின் பூச்சிலேயே அலுமினியம் உண்டு, அது இந்த வேலைக்கு ஒத்துவராது. 16,000 சுற்று, ஃபீட் 500, ஒரு தடவைக்கு ஆழம் 0.5 மி.மீ. இப்படித் தொடங்குங்கள். ஒரு பல் 0.03 மி.மீ. எடுக்கும். 3 மி.மீ. தகட்டுக்கு ஆறு தடவை, அப்புறம் அடிப்பலகையில் லேசாக ஒரு தொடல். கட்டரை நேராகக் கீழே குத்தாமல் சரிவாக இறக்குங்கள், மென்பொருளில் ரேம்ப் என்று இருக்கும். சீவலைக் காற்றடித்தோ வேக்குவம் வைத்தோ உடனுக்குடன் விலக்குங்கள், ஏற்கெனவே வெட்டிய சீவலைக் கட்டர் திரும்ப மென்றால் அதுவும் ஒட்டும். இரண்டு சொட்டு கட்டிங் ஆயில் விட்டால் பெரிய உதவி.

சரியாக வெட்டுகிறதா என்று கண்ணாலேயே தெரியும். வரும் சீவல் துருவிய தேங்காய் போலத் தனித்தனியாக, பளிச்சென்று இருக்க வேண்டும். மாவு மாதிரி வந்தால் தேய்க்கிறது என்று அர்த்தம். காதும் சொல்லும். சீராக 'ர்ர்' என்று போய்க்கொண்டிருந்தது கீச்சென்று மாறினால் யோசிக்காமல் நிறுத்துங்கள்.

கடையில் வெறுமனே 'அலுமினியம்' என்று கேட்டு வாங்கினீர்களா? மடக்கி வேலை செய்ய விற்கும் மென்மையான தகடுகள் வெட்டும்போது பிசுபிசுக்கும். 6061-டி6 என்று எண் சொல்லிக் கேளுங்கள், சுத்தமாக வெட்டும். மடக்க வேண்டிய பாகத்துக்கு மட்டும் 5052 வகை. 6061-டி6-ஐக் கூர்மையாக மடக்கினால் வெடித்துவிடும். காக்கி புக்கிட், ஊபி, துவாஸ் பக்கம் உள்ள பட்டறைகளில் வெட்டி மீந்த துண்டுகள் கிடக்கும். போய் மரியாதையாகக் கேட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறைந்த விலையில் கொடுப்பவர்கள் நிறையப் பேர். எண் தெரிந்த துண்டாக வாங்குங்கள்.

தகட்டை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மெல்லிய தகடு நடுவில் எழும்பினால் எந்தக் கட்டரும் உடையும். முதலில் திருகாணி ஓட்டைகளை மட்டும் வெட்டி, அந்த ஓட்டைகள் வழியாகவே தகட்டை அடிப்பலகையில் திருகுங்கள். அதன்பிறகு வெளிக்கோட்டை வெட்டுங்கள். கடைசித் தடவையில் பாகம் விடுபட்டுத் துள்ளாமல் இருக்க, மூன்று நான்கு இடத்தில் அரை மி.மீ. தடிமனில் பாலம் விடுங்கள். பிறகு அரத்தால் ராவிவிடலாம்.

அடுத்த ஆண்டு தடித்த தகட்டில் குழி தோண்டி எடை குறைக்கும் ஆசை வந்தால், என் கதை ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 8 மி.மீ. தகடு ஒன்றை ஒரே பக்கமாகத் தோண்டி, அடியில் ஒன்றரை மி.மீ. மட்டும் விட்டேன். தகட்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் இருக்கும்வரை எல்லா அளவும் சரி. வைஸைத் தளர்த்தினேன், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி என் கண்முன்னே வளைந்து எழும்பியது. ஒரு நாள் உழைப்பு போயிற்று. உருட்டிச் செய்த தகட்டுக்குள்ளே அழுத்தம் அடைபட்டிருக்கும், ஒரு பக்கத்தை மட்டும் எடுத்தால் மறுபக்கம் இழுத்துக்கொள்ளும். இழுத்து அழுத்தம் நீக்கிய 6061-டி651 என்ற வகை உண்டு, அதை வாங்கி இரண்டு பக்கமும் மாறி மாறித் தோண்ட வேண்டும். அன்று எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

பட்டறை விலைக்கு வருவோம். உங்கள் வரைபடத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் ஊகிக்க முடிகிறது. எல்லா அளவும் கூட்டல் கழித்தல் 0.01 மி.மீ. வரைதான் விலகலாம் என்று போட்டிருப்பீர்கள், உள்மூலைகளையெல்லாம் கூர்மையாக விட்டிருப்பீர்கள். சுற்றும் கட்டரால் கூர்மையான உள்மூலை வராது. 4 மி.மீ. கட்டர் என்றால் மூலைக்கு 2.5 மி.மீ. ஆரம் கொடுங்கள். 0.01 என்ற எண்ணைப் பார்த்ததும் பட்டறைக்காரர் ஒவ்வோர் அளவையும் மைக்ரோமீட்டரால் சரிபார்க்க வேண்டியிருக்குமே என்று அந்த நேரத்துக்கும் சேர்த்து விலை போடுவார். பேரிங் ஓட்டைக்கு மட்டும் நுணுக்கமான அளவு கேளுங்கள். மற்றவற்றுக்கு 'ஐஎஸ்ஓ 2768 மீடியம்' என்று ஒரு வரி போதும். 100 மி.மீ. நீளத்தில் 0.3 முன்னே பின்னே இருக்கலாம் என்று அதற்குப் பொருள். தட்டையான பாகத்தை மில்லிங்குக்கே கொடுக்காமல், லேசரிலோ வாட்டர்ஜெட்டிலோ வெட்டும் இடத்தில் விலை கேட்டுப் பாருங்கள். பேரிங் ஓட்டையை மட்டும் சின்னதாக விட்டு வாங்கி, பள்ளியில் ரௌட்டரில் சுற்றி வெட்டிச் சரியான அளவுக்குக் கொண்டுவரலாம். 22 மி.மீ. பேரிங் என்றால் கழிவுத் துண்டில் 21.95, 22.00, 22.05 என்று மூன்று ஓட்டை போட்டு, எதில் கட்டைவிரல் அழுத்தத்தில் இறங்குகிறது என்று பார்த்த பிறகு நல்ல தகட்டைத் தொடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றக் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. விதிப்புத்தகத்தைப் படித்துவிட்டுக் காசு செலவழியுங்கள். வெக்ஸ் வி5 என்ற ரோபோ போட்டியின் பள்ளிப் பிரிவில் சொந்தமாகச் செய்த உலோகப் பாகத்துக்கு இடமில்லை. பல்கலைக்கழகப் பிரிவான வெக்ஸ் யூ-வில் உண்டு. நல்ல வேலைப்பாடுள்ள பாகத்தைப் பரிசோதனை மேசையில் கழற்றி வைக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க மனசு கேட்காது.

வீட்டில் சிஎன்சி வேண்டாம்மா. அப்பாவுக்கு என் வணக்கத்தையும் சொல்லி, அந்தப் பணத்தை கட்டருக்கும் நல்ல தகட்டுக்கும் கேளுங்கள். அடுக்குமாடி வீட்டில் அலுமினியம் வெட்டும் சத்தம் மேல்வீடு கீழ்வீடு எல்லாம் கேட்கும். ஊசிபோன்ற சீவல் படுக்கைவரை வரும். பக்கத்தில் விவரம் தெரிந்த பெரியவர் இல்லாமல் நீங்கள் தனியாக மெஷின் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பள்ளியிலும் கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள், தலைமுடியை இறுக்கிக் கட்டுங்கள். சுற்றும் கட்டருக்குப் பக்கத்தில் கையுறை போடவே கூடாது. கையுறை காப்பாற்றும் என்று நினைப்போம், ஆனால் கட்டர் அதன் நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

வெட்டி முடித்த பாகத்தை உடனே கையில் எடுக்க ஆசை வரும். ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் நிற்கும். என் இடது ஆள்காட்டி விரலில் உள்ள தழும்பு அப்படி ஒரு பிசிர் போட்டதுதான். முதலில் எல்லா ஓரத்தையும் அரத்தால் ஒரு இழுப்பு இழுங்கள், ஓட்டைகளின் வாயில் பெரிய ட்ரில் பிட்டை வைத்துக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றுங்கள். பிசிர் போனால் தகடு தகட்டோடு ஒட்டி உட்காரும், திருகாணியும் தளராது.

இந்த வாரம் நிறுத்துப் பட்டியல் போடுங்கள். அடுத்த வாரம் கையும் தகடும் வரைபடம். அதை அனுப்பினால் மூலை ஆரங்களையும் பேரிங் ஓட்டையையும் பார்த்துச் சொல்கிறேன். குழாய் வாங்கும்போது 300 மி.மீ. என்று கேட்காதீர்கள், 320 வெட்டித் தரச் சொல்லுங்கள். கடை ரம்பம் முனையைக் கோணலாகத்தான் வெட்டும், இரண்டு முனையையும் சதுரமாக்க அந்த 20 மி.மீ. வேண்டும்.